யூஆர்ஸ்கிரிப்ட் மேனுவல் ரிவ்யூ: ஆளுக்கு ஓகே, ஏஐ ஏஜென்ட்டுக்கு பாதி தான்

யூஆர்5இ மாதிரி யுனிவர்சல் ரோபோட்ஸ் கம்பெனியோட ரோபோ கை வச்சிருக்கவங்க, அத ஓட்டுற யூஆர்ஸ்கிரிப்ட் மொழியோட மேனுவல ஒரு தடவையாச்சும் புரட்டிருப்பீங்க. நான் ரோபோவ பத்தி பேச வரல, மேனுவல மட்டும், அதுவும் ஒரே ஒரு கேள்வியோட: இத அப்படியே ஏஐ ஏஜென்ட்டுக்கு ஊட்டி விட்டா, அது நம்பி ஓட்டுற மாதிரி மூவ்மெண்ட் கமாண்ட் எழுதுமா?

நல்லத முதல்ல சொல்லிடுறேன். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் என்ன யூனிட், டிஃபால்ட் எவ்வளவுன்னு பளிச்சுனு போட்டிருக்காங்க. மூவ்ஜேக்கு (ஜாயிண்ட்ட சுத்தி நகர்றது) ஸ்பீடு செகண்டுக்கு 1.05 ரேடியன், மூவ்எல்லுக்கு (நேர்கோட்டுல நகர்றது) செகண்டுக்கு 0.25 மீட்டர், டைம் குடுத்தா ஸ்பீடு ஆக்ஸிலரேஷன் ரெண்டையும் அது ஓவர்ரைட் பண்ணிடும், இதெல்லாம் ஏஜென்ட் சரியா புடிச்சுக்குது. இந்த விஷயத்துல நிறைய ரோபோ கம்பெனி டாக்குமெண்ட்ட விட இது எவ்வளவோ மேல்.

ஆனா வில்லங்கமே அந்த ஒத்த எழுத்து 'பி' தான். மூவ்எல்(பி[0.3, -0.2, 0.4, 0, 3.14, 0])னு எழுதுனா முதல் மூணும் மீட்டர்ல பொசிஷன், கடைசி மூணும் கை முனையோட திருப்பம். பி விட்டுப்போச்சுனா அதே ஆறு நம்பரும் ஜாயிண்ட் ஆங்கிள் ஆயிடும், ரெண்டுமே செல்லுபடியான கமாண்ட் தான், எர்ரர் எல்லாம் வராது, டேபிளுக்கு மேல குனிஞ்சு நிக்க வேண்டிய கை கிட்டத்தட்ட முழுசா நீட்டிக்கிட்டு வேற எங்கயோ போய் நிக்கும். சிமுலேட்டர்ல ஏஜென்ட் இத பண்ணிட்டு 'வெற்றிகரமா முடிஞ்சது'னு ரிப்போர்ட் வேற குடுத்துச்சு பாருங்க! பி இல்லாத லிஸ்டும் எடுத்துக்கும், பி போட்ட போஸும் எடுத்துக்கும்னு மேனுவல்ல ஒரு வரி இருக்கு தான், ஆனா மாத்தி குடுத்தா என்ன நடக்கும்னு அந்த இடத்துலயே சொன்னா தானே மாடலுக்கு உறைக்கும்.

அடுத்தது யூனிட். எக்ஸ்ஆர்ம்னு இன்னொரு ரோபோ கையோட பைத்தான் எஸ்டிகேல (ப்ரோக்ராம் எழுதுற லைப்ரரில) எல்லாம் மில்லிமீட்டர், டிகிரி தான் டிஃபால்ட், மாடல் அதையும் படிச்சிருக்கும், இதையும் படிச்சிருக்கும், குழப்பி 0.3க்கு பதிலா 300னு போட்டுடும். ரீச்சே 850 மில்லிமீட்டர் இருக்க கைய 300 மீட்டர் தள்ளி போகச் சொன்னா அடம் புடிச்சு நின்னுடும், அதனால அது கூட பரவால்ல. சுத்துற கோணம் தான் சத்தமில்லாம ஏமாத்தும். கடைசி மூணு நம்பர் ரோல், பிட்ச், யானு (yaw) மூணு அச்சுல தனித்தனியா சுத்துற கோணம் கிடையாது, ரொட்டேஷன் வெக்டர், அதாவது எந்த அச்ச சுத்தி எவ்வளவு திரும்பணும்னு ஒண்ணா சொல்றது. மாத்துறதுக்கு ஆர்பிஒய்2ரொட்வெக்னு ஃபங்ஷனே இருக்கு, ஆனா மூவ்எல் பக்கத்த மட்டும் ஏஜென்ட்டுக்கு எடுத்துக் குடுத்தா அதுக்கு எப்படி தெரியும்?

பிளெண்ட் ரேடியஸ் (பாயிண்ட்ல நிக்காம எவ்வளவு தூரத்துல வளைஞ்சு போகணும்ங்கறது) இன்னொரு தலவலி, பக்கத்து பாயிண்டோட பிளெண்ட் மேல ஏறிடுச்சுனா அந்த மூவையே ஸ்கிப் பண்ணிட்டு வார்னிங் மட்டும் வரும்னு எழுதிருக்காங்க, மனுஷன் டீச் பெண்டன்ட்ல (ரோபோவோட வர்ற டச்ஸ்கிரீன்) பாத்துக்குவான், ஏஜென்ட்டுக்கு அந்த வார்னிங்க நீங்க தான் கொண்டு போய் சேக்கணும்.

அதனால நான் மேனுவல முழுசா குடுக்குறதே இல்ல. கமாண்டுக்கு அர பக்கம்னு சொந்தமா ஒரு ஷீட்டு: யூனிட், எந்த ஃப்ரேம் (எத வச்சு அளக்குறோம்), ஒரு சரியான உதாரணம், ஒரு தப்பான உதாரணம், முடிஞ்சதுன்னு எப்படி செக் பண்றது, அதாவது கை முனை இப்ப எங்க இருக்குன்னு சொல்ற கெட்_ஆக்சுவல்_டிசிபி_போஸ் ஃபங்ஷன கூப்பிட்டு டார்கெட்டோட ஒத்துப் பாக்குறது. எனக்கு அதிகமா உதவுனது அந்த தப்பான உதாரணம் தான். மூவ் பண்றதுக்கு முன்னாடி இஸ்_விதின்_சேஃப்டி_லிமிட்ஸ் கூப்பிடுன்னும் எழுதி வச்சிருக்கேன், ஆனா அது போய்ச் சேர்ற பாயிண்ட மட்டும் தான் பாக்கும், வழில இருக்க டப்பாவ பாக்காது. பெண்டன்ட்ல இருக்க சேஃப்டி செட்டிங்க எந்த ஷீட்டு வச்சும் ஈடுகட்ட முடியாது, அதுல கை வைக்கிற உரிமைய ஏஜென்ட்டுக்கு குடுத்துடாதீங்க.

ரேட்டிங் 5க்கு 3.5. யூஆர்சிம் சிமுலேட்டர் ஃப்ரீயா கிடைக்குறதுக்கே அதுல அர மார்க்கு. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க, ரோபோவோட 30002 நெட்வொர்க் போர்ட்ல புது ஸ்கிரிப்ட் அனுப்புனா ஓடிட்டு இருக்க ப்ரோக்ராம் அங்கயே கட் ஆயிடும், வரிசையா ஒண்ணொண்ணா கமாண்ட் அனுப்புற ஏஜென்ட்டுக்கு இன்டர்ப்ரெட்டர் மோட் தான் சரி, அது 30020 போர்ட், அந்த சாப்டர மறக்காம ஷீட்டோட சேத்து குடுங்க.