வார்டில் படுத்திருந்தவர்களே பாடம் நடத்திய மனநல நர்சிங் படிப்பு: என் ரிவ்யூ, 5க்கு 4

இங்கிலாந்தில் ஏற்கெனவே பதிவு பெற்று வேலை பார்த்துக்கொண்டு, மனநலப் பிரிவுக்கு மாறலாமா என்று யோசிக்கிற நம்ம ஊர் நர்சுகளுக்காக இதை எழுதுகிறேன். பதிவு பெற்றவர்களுக்கான 2 வருடப் படிப்பை நான் முடித்துவிட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. நூலகம், அசைன்மென்ட், பிளேஸ்மென்ட் (வார்டில் நேரடிப் பயிற்சி) எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான், அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: மனநோயோடு வாழ்ந்தவர்கள், வார்டில் பேஷண்டாக இருந்தவர்கள், எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள்.

அது நேர்முகத் தேர்விலேயே ஆரம்பித்துவிட்டது. இரண்டு விரிவுரையாளர்களுக்கு நடுவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எனக்குப் பேசப் பிடிக்கவில்லை, உனக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது, என்ன செய்வாய்?" பேஷண்டிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நான் படித்து வைத்திருந்த தெரபியூட்டிக் கம்யூனிகேஷன் பதிலைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நான் இன்னும் பேசவில்லை, இப்போது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், டீ வேண்டுமா என்று கேட்பேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். டீ என்றதும் அவர் ஏதோ குறித்துக்கொண்டார். இங்கே நர்சிங் கவுன்சில் 2018இல் கொண்டுவந்த கல்வித் தரவிதிகளின்படி, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பாடத்திட்டம் அமைப்பதிலும் மாணவர்களை மதிப்பிடுவதிலும் சேவை பெறுகிறவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். இந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்தபோது சைக்கியாட்ரி போஸ்டிங் என்றால் எங்களுக்குக் கேஸ் எடுப்பதுதான். ஹிஸ்டரி, மனநிலைப் பரிசோதனை, ப்ராசஸ் ரெக்கார்டிங் (பேஷண்டோடு பேசியதை அப்படியே எழுதுவது). "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்க", "ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றால் என்ன அர்த்தம்?" என்று ஒரே பேஷண்டிடம் ஒரே காலையில் மூன்று மாணவிகள் போய்க் கேட்டிருப்போம், அவர் எரிச்சல்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்புவோம். தப்பென்று அன்று தோன்றவே இல்லை, மதிப்பெண் ரெக்கார்டு நோட்டுக்குத்தானே.

முதல் வருடம் நான்காவது வாரம் அதே அம்மா வகுப்புக்கு வந்தார். என்னை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேரை நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டிக் கொடுத்தார். நான் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், அவர்கள் என் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 93 சொன்னேன், 86 சொன்னேன். வலது காதில் ஒருத்தி "எல்லாரும் உன்னைத்தான் பார்க்கிறார்கள்" என்றாள், இடது காதில் இன்னொருத்தி சும்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் எண்ணே வரவில்லை. கோபம் வந்து காகிதத்தைத் தட்டிவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் போர்டில் எழுதினார்: "கவனம் குறைவு. எரிச்சல். ஒத்துழைக்கவில்லை."

என் கையெழுத்தில் அந்த வார்த்தையை நான் எத்தனை நோட்டுகளில் எழுதியிருக்கிறேன்! ஆனால் அவர் அதோடு விடவில்லை. "இதைச் செய்துவிட்டு எனக்குக் குரல் கேட்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், எனக்குக் கேட்கும் குரல்களில் ஒன்று எனக்குப் பிடித்த குரல், அது போய்விட்டால் வருத்தப்படுவேன்" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

இன்னொரு வகுப்பு கண்காணிப்பு பற்றியது. இங்கிலாந்து மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், அதாவது சம்மதம் இல்லாமலே சிகிச்சைக்காக, வார்டில் வைக்கப்பட்டிருந்த ஒருவர் எடுத்தார். ராத்திரியில் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவுக் கண்ணாடி வழியாக டார்ச் வெளிச்சம் முகத்தில் விழும், தூங்க முடியாது, காலையில் 'சரியாகத் தூங்கவில்லை' என்று எழுதி மாத்திரையைக் கூட்டுவார்கள் என்றார். ஒரே ஒரு நர்ஸ் மட்டும் டார்ச்சைக் கூரையில் அடிப்பாராம். அந்த வெளிச்சத்திலேயே நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும், ஆள் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க அது போதும். அந்த நர்சின் பெயர் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மற்ற யார் பெயரும் இல்லை. அடுத்த நைட் டியூட்டியில் நானும் கூரையில் அடித்துப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்று சொல்கிறேன். இரண்டாம் வருடம் இதெல்லாம் அப்படியே தேய்ந்துபோனது. வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வகுப்பு, ஒரு மணி நேரம், "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்பதோடு சரி. சொன்னார்கள், கை தட்டினோம், விரிவுரையாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஒருவர் தன்னைத் தரையில் அமுக்கி ஊசி போட்டதைச் சொல்லிவிட்டு நடுங்கும் கையோடு தனியாக பஸ் ஏறிப் போனதைப் பார்த்தேன், கூட ஒருத்தர் போயிருக்கலாம். வகுப்பு எடுக்க வந்த இவர்களுக்குப் பணமும் கூப்பன்களாகத்தான் கொடுத்தார்கள். அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் சம்பளமாக வாங்கினால் உதவித்தொகை பாதிக்கலாம் என்ற பயம் உண்மைதான், அதற்காக உட்கார்ந்து வழி கண்டுபிடிக்காமல் கூப்பனை நீட்டுவது மரியாதை இல்லை.

மூன்றாவது என்று சொன்னேனே, அந்த மதிப்பெண் விஷயம் இன்னும் மோசம். எங்கள் வகுப்பில் இப்படிப் பாடம் நடத்த வந்தவர்களில் யாரும் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூடப் போடவில்லை. பிளேஸ்மென்ட் கையேட்டில் பேஷண்ட் கருத்துக்கு ஒரு பக்கம் உண்டு, சிரிக்கிற முகத்திலிருந்து சோக முகம் வரை ஐந்து முகங்கள், ஒன்றை டிக் செய்ய வேண்டும். அதைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். "வார்டு சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர் நீட்டுகிற தாளில் நான் சோக முகத்தை டிக் செய்வேனா?" என்றார்.

முடியாத காரியமா என்றால் இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மனநல நர்சிங் மையத்தில் கேத் ரோப்பர் 2000ஆம் ஆண்டிலேயே, பேஷண்டாக இருந்த அனுபவத்தைத் தகுதியாகக் கொண்ட கல்வியாளர் பதவியில் சேர்ந்தார். நம்ம நாட்டில்கூட 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அமைக்கிற மறுஆய்வு வாரியங்களில், மனநோய் உள்ளவர்களுக்கோ அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ அவர்களுக்கான அமைப்புகளுக்கோ இரண்டு இடங்கள் உண்டு. ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கலாமா என்று தீர்மானிக்கிற இடத்தில் உட்கார முடிகிறவர், மாணவி பேஷண்டோடு பேசுவதைக் கேட்டுப் பத்துக்கு இத்தனை என்று போட முடியாதா?

இதை வைத்துப் படிப்பை வேண்டாம் என்று நினைக்காதீர்கள், முதல் வருடத்துக்காகவே நான் திரும்பவும் சேருவேன். ஆனால் ஓப்பன் டேக்கு (சேருவதற்கு முன் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும் நாள்) போகும்போது ஹாஸ்டல், பார்க்கிங் எல்லாம் விசாரித்துவிட்டு இதையும் கேளுங்கள்: அனுபவப்பட்டவர்கள் எத்தனை வகுப்பு எடுக்கிறார்கள், இரண்டாம் வருடமும் வருகிறார்களா, வகுப்பு முடிந்ததும் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்தத் தேர்வில் அவர்கள் போடும் மதிப்பெண் கணக்கில் வருகிறது. அப்புறம், அவர்களில் ஒருவராவது அங்கே வந்திருந்தால் விரிவுரையாளரை விட்டுவிட்டு நேரே அவரிடம் போய்க் கேளுங்கள்.