ஏழு வருடம் ஸ்பின்-லாக்கோடு: கதம்பை நாரும் ரப்பரும்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாசனையிலேயே வளர்ந்தவன் நான். ஆய்வுக்கு எடுத்ததும் ஊர்ச் சரக்குதான்: ரப்பர், அப்புறம் ஈத்தாமொழி நெட்டைத் தென்னையின் கதம்பை நார். திடப்பொருளின் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையால் ஆராயும் திடநிலை என்.எம்.ஆர். கருவியில் ஏழு வருடமாக நான் அதிகம் நம்பியிருப்பது ஸ்பின்-லாக்கை, அதாவது அணுக்கருக்களின் காந்தமாக்கத்தை ரேடியோ அலையால் பிடித்து நிறுத்தும் உத்தியை.

புரோட்டானுக்கு (ஹைட்ரஜன் அணுக்கரு) அதன் காந்தமாக்கத்தை 90 டிகிரி சாய்க்கும் ரேடியோ பல்ஸ் கொடுத்ததும், ரேடியோ அலையை நிறுத்தாமல் அதன் கட்டத்தை மட்டும் 90 டிகிரி மாற்ற வேண்டும். சில பத்து மைக்ரோவினாடியில் சிதறிப்போகிற காந்தமாக்கம், அலையின் புலத்தைப் பிடித்துக்கொண்டு பல மில்லிவினாடி நிற்கும். அந்த இடைவெளியில் கார்பனுக்கும் பொருத்தமான வலிமையில் அலை கொடுத்தால் காந்தமாக்கம் அங்கே கைமாறும். 1962-ல் ஹார்ட்மனும் ஹானும் சொன்ன பொருத்தம் இது. கார்பன்-13 சிக்னல் நான்கு மடங்கு வரை கூடும். எனக்கு அதைவிடப் பெரிய லாபம் நேரம்: அடுத்த ஸ்கேனுக்குக் கார்பன் மீளும்வரை காத்திருக்க வேண்டாம், புரோட்டான் மீண்டால் போதும்.

நாரில் இது அருமை. இரண்டு அலைகளும் சேர்ந்து ஓடும் தொடர்பு நேரம் 1 மில்லிவினாடி என்றாலே செல்லுலோஸின் 105 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தில் இடத்தைக் குறிக்கும் அலகு) உச்சி நிமிர்ந்து நிற்கும், லிக்னினின் 56-ம் தெளிவாகத் தெரியும். மாதிரி அடைத்த குழாயான ரோட்டார் 10 கிலோஹெர்ட்ஸில் சுழன்றால் பொருத்தமும் அவ்வளவு தள்ளிப்போகும். புரோட்டானுக்கு அலை வலிமை 62.5 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் கார்பனுக்கு 52.5 அல்லது 72.5. வலிமையைச் சாய்வாக ஏற்றினால் சிறு பிசகு பாதிக்காது.

ஒருமுறை காயலில் ஊறிய நாரைச் சரியாகக் கழுவாமல் அடைத்துவிட்டேன். உப்பும் ஈரமும் சேர்ந்து புரோபின் (மாதிரிக்கு அலை கொடுக்கும் சுருள் உள்ள பகுதி) டியூனிங்கையே மாற்றிவிட்டன. பல்ஸ் நீளம் கூடியது, பொருத்தம் கெட்டது, ஓர் இரவு முழுக்க வீண். அதிலிருந்து வாலைவடிநீரில் அலசி, அடுப்பில் உலர்த்தி, ஒவ்வொரு மாதிரிக்கும் டியூனிங்கைப் புதிதாகப் பார்க்கிறேன். ஐப்பசி மழையில் இன்னும் கவனமாக.

ரப்பர்தான் முதலில் மனதை உடைத்தது. சிக்னல் மெலிந்து கிடந்தது, மாதிரி கெட்டுவிட்டதென்றே நினைத்தேன். காரணம் வேறு. அறை வெப்பத்தில் ரப்பரின் சங்கிலிகள் வேகமாக அசைவதால் புரோட்டானுக்கும் கார்பனுக்கும் இடையிலான காந்தப் பிணைப்பு (வேதிப் பிணைப்பு அல்ல) சராசரியாகித் தேய்ந்துவிடுகிறது, கைமாற வழியில்லை. ஆகவே இந்த முறையில் உச்சியின் உயரத்தை வைத்து அளவு சொல்லவே கூடாது. ரப்பருக்குக் கார்பனை நேரடியாகத் தூண்டுவதே சரி.

இப்போது நார் கலந்த ரப்பர் விரிப்பைப் பார்க்கிறேன். ஒரே துண்டுக்கு இரண்டு ஸ்பெக்ட்ரம் எடுக்கிறேன்: ஸ்பின்-லாக்கில் நார் முன்னே வருகிறது, நேரடித் தூண்டலில் ரப்பரின் ஐந்து உச்சிகளும் கூர்மையாக வருகின்றன.