கொப்பரை 200ஐத் தாண்டினால்: சின்ன செக்குக்காரருக்கு எந்தக் கூட்டு தாங்கும்?

2025இல் கொப்பரை, அதாவது எண்ணெய் ஆட்டும் காய்ந்த தேங்காய்ப் பருப்பு, கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. கொங்குப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்குப் பல வருஷம் கழித்து ஒரு நல்ல காலம். ஊருக்குள் ஒன்றிரண்டு மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டி விற்பவர்களுக்கோ அதே விலை கழுத்தைப் பிடித்தது. கிலோ 100 ரூபாயாக இருந்தபோது ஒரு லட்சம் கையில் இருந்தால் ஒரு டன் எடுக்கலாம். 2025இல் அதே டன்னுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆனது. எண்ணெய் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பாமாயில் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறார். ஏற்றாவிட்டால் போட்ட முதலே கரைகிறது.

இந்த மாதிரி நேரத்தில் "நாலு பேரா சேர்ந்து செய்யுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். சேரும் வழிகள் மூன்று நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு மருந்து.

கையெழுத்தில்லாத கூட்டுக் கொள்முதலை முதலில் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கும் ஐந்தாறு செக்குக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி, பணத்தைச் சேர்த்து, ஒரே லோடாக எடுப்பது. தேங்காயைக் காயவைத்துப் பருப்பாக்கி விற்கும் காங்கயம் களத்துக்காரரிடம் நாலு மூட்டை கேட்பவருக்கும் ஒரு வண்டி கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. விலையில் கொஞ்சம் குறையும், வண்டி வாடகை பங்காகும். அதைவிடப் பெரிய லாபம், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடாத பருப்புதான் வேண்டும் என்று அடித்துக் கேட்க முடிவது. தனியாளாகக் கேட்டால் "இருக்கிறதை எடுத்துக்கங்க" என்பதுதான் பதில்.

சண்டை வருவது வண்டி வந்து நின்ற பிறகு. ஒரு மூட்டையை அவிழ்த்துப் பருப்பை ஒடித்தால் 'டக்'கென்று முறிகிறது. அடுத்த மூட்டையில் ரப்பர் மாதிரி வளைகிறது. ஈரம் போகாத அந்த மூட்டை யார் தலையில்? எண்ணெய் குறையும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். இதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான வழி சீட்டுக் குலுக்குவதுதான். இன்னொன்றும் உண்டு: பில் ஒருவர் பெயரில் வரும். அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் எடுப்பதானாலும் உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பெயரில்தான் எடுக்க வேண்டும். வரவு செலவை அன்றன்றைக்கே எழுதாவிட்டால் கூட்டு இரண்டு லோடு தாங்காது.

அடுத்தது மகளிர் சுயஉதவிக் குழு. கடன் என்று வந்தால் இதை அடிக்க ஆளில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு, இன்று தமிழ்நாட்டில் குழு இல்லாத ஊராட்சியைத் தேட வேண்டும். 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், குழுக்களுக்குப் பிணையில்லாக் கடன் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தி அறிவித்தார்கள். கந்துவட்டியோடு ஒப்பிட்டால் வட்டி ஒன்றுமே இல்லை. ஆனால் அது குழு முழுவதற்குமான தொகை. 15 பேர் இருக்கும் குழுவுக்கு 6 லட்சம் கிடைத்தால் தலைக்கு 40,000. கிலோ 200 ரூபாய் விலையில் 200 கிலோ பருப்பு. தினம் 40 கிலோ ஆட்டும் செக்குக்கு ஐந்து நாள் வேலை, அவ்வளவுதான். குழுவில் இருக்கும் மற்ற அக்காக்கள் மாடு, தையல், பிள்ளை படிப்பு என்று வாங்கியிருப்பார்கள். உங்கள் எண்ணெய்த் தொழிலில் அவர்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. தவணை தவறினால் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துத் தலைவலி.

விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் கம்பெனியான உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பற்றித்தான் இப்போது பேச்சு அதிகம். 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம், குறைந்தது 5 இயக்குநர்கள், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. 2020இல் வந்த மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் 300 உறுப்பினர் சேர்த்த இப்படிப்பட்ட கம்பெனிக்கு நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை தருவதாக ஏற்பாடு. மூன்று ஆண்டு முடிந்த பிறகும் தணிக்கை, பொதுக்குழு, ஆண்டறிக்கை, முழுநேர நிர்வாகிக்குச் சம்பளம் எல்லாம் தொடரும். வியாபாரம் நடக்கிறதோ இல்லையோ, ஆடிட்டர் பில் வந்து நிற்கும்.

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த 300 பேரில் பெரும்பாலானவர்கள் தென்னை வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பருப்பு விலை ஏற வேண்டும், செக்குக்காரருக்கு இறங்க வேண்டும். 2025 போன்ற ஆண்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து கொள்முதல் விலை பேசும்போது யார் ஓட்டு ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். மாதம் தவறாமல் எடுக்கும் பெரிய கடையோ ஏற்றுமதியாளரோ ஆர்டர் கையில் வைத்திருந்தால் கம்பெனி சரி. விலை ஏறிவிட்டதே என்ற பதற்றத்தில் கம்பெனி தொடங்குவது வீண்.

கூட்டுறவுச் சங்கத்தைப் புதிதாகத் தொடங்கும் அளவுக்குச் சின்னத் தொழில்காரருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் பெருந்துறை வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நடத்தும் கொப்பரை ஏலம் மாதிரி ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அன்றைய ஏல விலை தெரிந்தாலே களத்துக்காரரிடம் ஏமாற மாட்டோம்.

என்னைக் கேட்டால், ஐந்தாறு செக்குகளுக்கு முதல் இரண்டையும் பின்னிவிடுவதுதான் சரி. வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே குழுவில் இருப்பார்கள். அந்தக் கடனைத் தனித்தனியாகச் செலவழிக்காமல் ஒரே லோடில் போடுங்கள். ஒரே நோட்டு, பணம் கட்டியவருக்கே மூட்டை. அடுத்த லோடுக்கு முன்பாக யாருக்காவது பாக்கி நின்றால், அவர் மச்சானாகவே இருந்தாலும் அந்த லோடில் பங்கு கிடையாது.