லைசென்ஸ் பாக்காம இந்த பெட்டிங் ஆப்புல காசு போடாதீங்க (டர்பன்ல இருந்து)

ஸ்டார் 1தான். ஆப் பேர் போடல, ஒண்ணு போனா அதே மாதிரி இன்னொண்ணு வேற பேர்ல வருது.

நாங்க தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். மாட்டிக்கிட்டது என் தங்கச்சியோட வீட்டுக்காரர், எங்க மாப்பிள்ளை. ஆப் பாக்க நல்லாத்தான் இருக்கு, காசு போடறது ஒரு நிமிஷ வேல, ரூலெட், ஸ்லாட்னு கேசினோ ஆட்டம் எல்லாம் இருக்கு, அதுக்கு மேல எலெக்‌ஷன்ல யார் ஜெயிப்பா, கப் யாருக்குன்னு "யெஸ்", "நோ" வாங்கி விக்கற பகுதி வேற. 500 ரேண்ட்ல ஆரம்பிச்சவரு நாலு மாசத்துல 18,000 விட்டுட்டாரு. ஒரு ராத்திரி 6,200 ஜெயிச்சாரு, எடுக்கலாம்னு போனா ஐடி கேட்டாங்க, அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம் ஐடிய கைல பிடிச்சு செல்ஃபி, எல்லாம் அனுப்பினப்புறம் பதிலே இல்ல.

"இங்க லீகல்தானே, டிவில எல்லாம் விளம்பரம் வருதே"ன்னு கேட்டாரு. நிறைய பேர் ஏமாறது இந்த இடத்துலதான். இங்க 2004 நேஷனல் கேம்ப்ளிங் சட்டப்படி மாகாண சூதாட்ட போர்டு லைசென்ஸ் குடுத்த புக்மேக்கர்கிட்ட (பந்தயம் பிடிக்கற கம்பெனி) ரேஸ், ஃபுட்பால், கிரிக்கெட்னு ஆன்லைன்ல பெட் கட்டலாம். ஆன்லைன் கேசினோ அப்படி இல்ல, அத அனுமதிக்க 2008ல ஒரு திருத்தச் சட்டம் பாஸ் பண்ணாங்க, ஆனா அது அமலுக்கே வரல. கேசினோ மாதிரி விளையாட்ட புக்மேக்கருங்களும் பெட்னு சொல்லி விக்கறாங்க, அதனால பாக்கறவங்களுக்கு எது எதுன்னே புரியல.

சர்வர் வெளிநாட்டுல இருக்கு, கியூரசாவோங்கற கரீபியன் தீவோட லைசென்ஸ் இருக்குன்னு அடில சின்ன எழுத்துல போட்டிருந்தான். அது இங்க செல்லாது. பக்கத்து நாடு ஸ்வாசிலாந்துல (இப்ப எஸ்வாட்டினி) இருந்து நடத்தின ஒரு கேசினோ விஷயத்துல 2011லயே சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் தெளிவா சொல்லிடுச்சு, விளையாடறவன் எங்க உக்காந்திருக்கானோ அங்கதான் சூதாட்டம் நடக்குதுன்னு. அப்போ நம்ம வீட்டு சோஃபாவுல உக்காந்து ஆடினா தப்பு நம்ம மேலயும்தான். அது மட்டுமில்ல, சட்டவிரோதமா ஜெயிச்ச காச நேஷனல் கேம்ப்ளிங் போர்டு ஹைகோர்ட்டுக்குப் போய் அரசாங்கத்துக்கே வாங்கிக்கலாம், அந்த 6,200 வந்திருந்தாக்கூட அவருதுன்னு சொல்ல முடியாது. அபராதம் 1 கோடி ரேண்ட் வரைக்கும், ஜெயில் 10 வருஷம் வரைக்கும் போகலாம்.

அந்த யெஸ், நோ மார்க்கெட்ட "இது பெட்டிங் இல்ல, டிரேடிங்"னு எழுதியிருக்கான். நம்ம சட்டத்துல நடக்கலாம் நடக்காமலும் போகலாம்ங்கற எது மேல காசு வெச்சாலும் பந்தயம்தான், நான் படிச்ச வரைக்கும் இதுவும் அதுல வருது. அமெரிக்காலயே 2022ல பாலிமார்க்கெட்ங்கற இதே மாதிரி யெஸ், நோ சைட்டுக்கு அனுமதி இல்லாம நடத்தினதுக்கு 14 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க.

லைசென்ஸ் உள்ள கம்பெனியில தகராறு வந்தா மாகாண போர்டுல புகார் குடுக்கலாம், இந்த மாதிரி ஆப்புல யாருகிட்ட போய் நிக்கறது? சைட் அடில எந்த போர்டு லைசென்ஸ்னு பாருங்க, அந்த போர்டு லிஸ்ட்லயும் பேர் இருக்கான்னு சரி பாருங்க, அப்புறமா பர்ஸ தொடுங்க.

சூதாட்டத்த விட முடியாம தவிக்கறவங்க இங்க உள்ள ஹெல்ப்லைன் 0800 006 008க்கு கூப்பிடுங்க, ராத்திரி பகல் எப்ப வேணாலும் பேசலாம், கவுன்சிலிங்குக்கு காசு வாங்கறதில்ல. மாப்பிள்ளை முதல்ல மாட்டேன்னாரு, தங்கச்சி பக்கத்துல உக்காந்து நம்பர போட்டு குடுத்தா. முக்கா மணி நேரம் பேசினாரு. அந்த ஆப்ப அன்னிக்கே அழிச்சிட்டாரு, பேங்க் கார்டையும் மாத்தியாச்சு.