முதல் படகுக்கு வாங்கிய பிளைவுட்டும் எபாக்ஸியும்

பத்தடித் துடுப்புப் படகு ஒன்றை வீட்டு மாடியில் கட்டத் தொடங்கியிருக்கிறேன். பலகை, ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள 6 மி.மீ. மரைன் பிளைவுட். கடைக்காரர் முதலில், "இதுவும் தண்ணி தாங்கும் சார்" என்று பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.எஸ். 303 ரகத்தைக் காட்டினார். அது அலமாரிக்கானது, படகுக்கு வேண்டாம். வாங்கியதில் ஒரு துண்டை மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தேன். ஓர் அடுக்குகூடப் பிரியவில்லை! ஒரு பலகையின் விளிம்பில் மட்டும் இடைவெளி தெரிந்தது. கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

பிசினையும் ஹார்டனர் என்ற இறுகவைக்கும் திரவத்தையும் கலந்து பூசும் பசையான எபாக்ஸியில்தான் கவனம் வேண்டும். மதிய வெயிலில் அரை லிட்டரைக் குவளையில் கலக்கினேன். தூரிகையை எடுப்பதற்குள் சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. இப்போது மெதுவாக இறுகவைக்கும் ஸ்லோ ஹார்டனர், விடிகாலை, அகலத் தட்டில் 100 மில்லி மட்டும். நான் வாங்கியது இரண்டு பங்கு பிசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர் கலவை. உங்கள் டப்பாவில் உள்ள விகிதத்தை அப்படியே பின்பற்றுங்கள். செப்புக் கம்பியால் பலகைகளைத் தைத்து, மரத்தூள் கலந்த எபாக்ஸியை மூலையில் பூசி, மேலே கண்ணாடி இழைத்துணி ஒட்டினேன். தட்டிப் பார்த்தால் ஒரே மரம்போல ஒலிக்கிறது.

காய்ந்தபின் மேலே பிசுக்கு படிந்தால், உப்புத்தாளால் தேய்க்கும் முன் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். எபாக்ஸியைக் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். இதே கடையில்தான் அடுத்த நான்கு பலகைகளையும் எடுக்கப்போகிறேன்.