கோழிக் கூண்டில் தொங்கும் குழந்தைக் கண்காணிப்புக் கருவி

அடுத்த அறையில் உறங்கும் குழந்தையின் அழுகை காதில் விழ வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட கருவி இது. ஒரு பெட்டி தொட்டில் அருகே இருக்கும், இன்னொன்று பெற்றோரின் தலைமாட்டில். முதல் பெட்டியை நான் கோழிகள் அடையும் கம்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். கோழிகளுக்கென்று நான் வாங்கியவற்றில் எது அதிகம் பயன்பட்டது என்று கேட்டால், தானாகத் திறந்து மூடும் கதவைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

கோழி தன் நோயை எளிதில் வெளியே காட்டாது. தளர்ந்துவிட்டது தெரிந்தால் மற்றவை கொத்தி ஒதுக்கும். அதனால் தெம்பு இருக்கும்வரை கூட்டத்தோடு கிளறும், தீனிக்கு ஓடிவரும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குவதும், கழுத்தை நீட்டுவதும், கொண்டையில் நீலம் பாய்வதும் நம் கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வெயில் ஏறிய நேரத்தில் எல்லாக் கோழிகளும் சிறகைச் சற்று விலக்கி வாயால் இளைப்பது வேறு. அது உடல் சூட்டைத் தணிக்கும் வழி, நிழலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். குளிர்ந்த வேளையில் ஒரு கோழி மட்டும் அப்படி இளைத்தால் அது நோய்.

கண்ணுக்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் இந்தக் கருவியின் முழுப் பயனும். நலமாக இருக்கும் கோழியின் மூச்சு நமக்குக் கேட்பதில்லை. எல்லாம் அடைந்து கூண்டு அடங்கிய பிறகு மூச்சோடு ஒரு ஒலி வருகிறது என்றால் கவனிக்க வேண்டும். விளக்கை எடுத்துக்கொண்டு நாமே போய் நின்று கேட்கலாம்தான். ஆனால் நம் காலடி கேட்டதும் அவை விழித்துக் குரல் கொடுக்கும், கம்பில் இடம் மாறும். அந்தச் சலசலப்பில் மெல்லிய கரகரப்பு அமுங்கிவிடும். தொலைவில் இருந்தபடி கேட்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பல கருவிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே அடக்கிவிடும். குழந்தை அழுதால் மட்டும் திறந்துகொள்ளும். பெற்றோர் நிம்மதியாகத் தூங்க அது நல்லது, நமக்கு உதவாது. ஒலியை இடைவிடாமல் அனுப்பும் முறை இருக்கிறதா, உணர்திறனை உச்சத்தில் வைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். என்னுடையது ஒலி மட்டும் அனுப்பும் எளிய வகை. அதில் இந்த வசதி இருக்கிறது. தகரச் சுவர் அலையைத் தடுக்கிறது. மரச்சட்டத்தில், காற்றுத் துளைக்கு நேராக இல்லாமல் மாட்டிய பிறகே ஒலி தெளிவாக வந்தது. கம்பி எதுவும் கோழியின் அலகுக்கோ எலியின் பல்லுக்கோ எட்டக்கூடாது.

காதைப் பழக்க வேண்டும். எப்போதாவது ஒரு தும்மல் வந்தால் தூசியாக இருக்கலாம். அடைந்த சற்று நேரத்துக்குள் கேட்கும் களகள ஒலி, நிறையத் தண்ணீர் குடித்த கோழியின் தீவனப் பையிலிருந்து வருவதாக இருக்கும்; நேரம் போகப் போக நின்றுவிடும். நோயின் ஒலி நிற்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரமாக, சளிக்குள் காற்று நுழைவது தெரியும்படி வரும். சில சமயம் இழுப்பும், அடுத்தடுத்த தும்மலும், தொண்டையில் சிக்கியதை உதறித் தள்ளும் செருமலும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் புள்ளிக் கோழியிடம் அந்த ஈரக் கரகரப்பைத்தான் கேட்டேன். பகலில் அதனிடம் எந்தக் குறையும் இல்லை, தீனி குறையவில்லை. பெற்றோர் பெட்டியின் அருகே கைபேசியை வைத்து ஒலியைப் பதிவுசெய்து கால்நடை மருத்துவரிடம் போட்டுக் காட்டினேன். மருத்துவர் அதைக் கேட்டதும் அன்றே கொண்டுவரச் சொன்னார். அருகில் வைத்துப் பார்த்தபோது கண்ணோரத்தில் சிறு நுரை இருந்தது. தொண்டையில் பஞ்சு தடவி எடுத்த மாதிரியில் மைகோபிளாஸ்மா என்ற மூச்சுநோய்க் கிருமி இருப்பது உறுதியானது. மருந்து கொடுத்தோம், அவர் சொன்ன நாள்வரை முட்டையைக் கொட்டினோம். இன்று நன்றாக மேய்கிறது. ஆனால் இந்தக் கிருமி ஒருமுறை வந்த கோழியின் உடலில் பெரும்பாலும் தங்கிவிடும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். ஆகவே எங்கள் கூண்டிலிருந்து ஒரு கோழியும் வெளியே போவதில்லை, புதிதாக ஒன்றும் உள்ளே வருவதில்லை. சீக்கிரம் தெரிந்ததால்தான் இந்த முடிவைப் பதற்றமின்றி எடுக்க முடிந்தது.

நோயின் பெயரைக் கருவி சொல்லாது. ஒரே மாதிரிக் கரகரப்புக்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். முகம் வீங்கி மூக்கில் நாற்றமடிக்கும் சளி வடிந்தால் கொரைசா என்று சந்தேகிப்பார்கள். ஓடு சுருங்கிய முட்டையும் நீர்த்த வெள்ளைக்கருவும் கூட வந்தால் தொற்று மூச்சுக்குழல் அழற்சி. கழுத்தை நீட்டி இருமும்போது ரத்தம் தெறித்தால் குரல்வளை மூச்சுக்குழல் அழற்சி. வாயைத் திறந்து திறந்து தலையை உதறினால் மூச்சுக்குழலில் புழு இருக்கலாம். மண்புழுவையும் நத்தையையும் தின்னும் கோழிக்கு அது வரும். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றல்ல. வைரஸ் நோயை நுண்ணுயிர்க்கொல்லி தீர்க்காது, புழுவுக்கும் அது வீண். மிச்சம் இருந்த பழைய மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றும் வழக்கத்தை நான் மனமார எதிர்க்கிறேன்.

கருவியின் பெரிய குறை, ஒலியில்லாத நோயை அது தவறவிடும் என்பது. பூஞ்சை பிடித்த வைக்கோலிலிருந்து வரும் ஆஸ்பெர்ஜில்லோசிஸ் பல நேரம் கரகரப்பே இல்லாமல் மூச்சை முட்டச் செய்யும். அங்கே காமிரா உள்ள கருவி உதவும். வால் அசைவு இருட்டிலும் தெரியும். விலை கூடுதல்தான், என்றாலும் இப்போது வாங்குவதாக இருந்தால் அதையே வாங்குவேன். காற்றின் கெடுதியையும் இது அறியாது. கம்பு உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் கூளத்திலிருந்து அம்மோனியா எழுகிறது, அதுவே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி நோய்க்கு வழிவிடும். கூளத்தை மாற்றி, கோழிகளின் தலைக்கு மேலே காற்றுப் போக வழி செய்ய வேண்டும்.

உழைப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. தூசி ஒலித்துளையை அடைக்கிறது, மென்தூரிகையால் துடைத்தால் போதும். பெட்டியின் பின்புறத்தைக் கழற்றிப் பாருங்கள். பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணிக்கு அது வசதியான இடம்.

ஒலி கேட்டுவிட்டால் அந்தக் கோழியை உடனே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. எனவே மார்பை அழுத்திப் பிடிக்கவே கூடாது, சிறகோடு தளர்வாக அணைத்துத் தூக்க வேண்டும். குளிர்காற்று படாத, கதகதப்பான இடம், தனித் தண்ணீர், தனித் தீனித் தட்டு. நலமானவற்றை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதிடம் கடைசியில் போங்கள். கையைக் கழுவி, செருப்பை மாற்றுங்கள். ஆவி பிடிக்க வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம்.

ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திடீரென்று சாகின்றன, கழுத்து முறுக்குகிறது, பச்சையாகக் கழிகிறது என்றால் நேரம் கடத்தாதீர்கள். ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் இரண்டும் அரசு கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். இறந்த கோழியை அறுத்துப் பார்க்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

என் கருவியின் பெற்றோர் பெட்டி இன்னொரு ஒலிவாங்கியையும் ஏற்கும். அதை வாங்கித் தனிக் கூண்டில் மாட்டப்போகிறேன். மருந்து தொடங்கிய பின் கரகரப்பு குறைகிறதா கூடுகிறதா என்பதை மருத்துவருக்குச் சரியாகச் சொல்ல அது வேண்டும்.