புண்ணைத் துடைப்பதா, ரத்தம் கொடுப்பதா? ஹெர்பிஸ் சோதனைகளில் எதை நம்பலாம்

நண்பர் ஒருவர் கைப்பேசியைத் திறந்து தன் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டினார். "எச்எஸ்வி-2 ஐஜிஜி: 1.4" என்று இருந்தது. ஹெர்பிஸ் வைரஸின் இரண்டாம் வகைக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) தேடும் சோதனை அது. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் "பாசிட்டிவ்". அவருக்குக் கொப்புளம் வந்ததில்லை, புண் வந்ததில்லை. சவரம் செய்த இடத்தில் இரண்டு சிவந்த பருக்கள், அவ்வளவுதான். மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு நேரே ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை.

அந்த 1.4க்குப் பிறகு வருகிறேன். உடலுறவில் தொற்றும் வைரஸ் நோயான பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு இருக்கும் சோதனைகள் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை அல்ல. பெரும்பாலான மனக்கலக்கம் இதை அறியாததால்தான் வருகிறது.

"இந்தப் புண்ணில் வைரஸ் இருக்கிறதா?" என்று கேட்பது ஸ்வாப் சோதனை. மருத்துவர் கொப்புளத்தின் கூரையை உடைத்து, அதன் அடித்தளத்தைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுக்கிறார். வலிக்கும். வலிக்காமல் மேலோட்டமாகத் தொட்டெடுத்த மாதிரியில் கிருமி சிக்காமல் போகலாம். அந்தக் குச்சியை, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் பரிசோதித்தால், புண்ணில் இருக்கும் வைரஸைப் பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் பிடித்துவிடும். ஹெர்பிஸ் வைரஸின் இரு வகைகளில் அது ஒன்றாம் வகையா, இரண்டாம் வகையா என்றும் சொல்லிவிடும். இது வெறும் ஆர்வத்துக்கான தகவல் அல்ல. பிறப்புறுப்பில் வரும் ஒன்றாம் வகை, இரண்டாம் வகையைவிட மிகக் குறைவாகவே திரும்ப வருகிறது.

இதே குச்சியை வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பலாம். ஆனால் அதற்கு உயிருள்ள வைரஸ் வேண்டும். புண் பொருக்குத் தட்டத் தொடங்கிவிட்டால் வைரஸ் வளராமல் போய், "நெகட்டிவ்" என்று தாள் வரும். பிசிஆர் கிடைக்கும் இடத்தில் வளர்ப்புச் சோதனையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய சாங்க் சோதனை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அதனால் ஹெர்பிஸின் இரு வகைகளையோ, அக்கியையோ பிரித்துச் சொல்ல முடியாது. (பேச்சில் பலர் ஹெர்பிஸை அக்கி என்றே சொல்கிறார்கள். அக்கி வேறு வைரஸால் வருவது, சின்னம்மையின் மறுவரவு.)

ஸ்வாபின் குறை ஒன்றுதான்: புண் இருக்க வேண்டும், அதுவும் புதிதாக இருக்க வேண்டும். முதல் ஓரிரு நாட்கள் பொன்னானவை. புண்ணில்லாத தோலைத் தேய்த்து வரும் நெகட்டிவுக்குப் பொருளே இல்லை, ஏனென்றால் வைரஸ் விட்டுவிட்டுத்தான் வெளிவருகிறது.

ரத்தச் சோதனை கேட்கும் கேள்வி வேறு: "இந்த வைரஸை உங்கள் உடல் எப்போதாவது சந்தித்திருக்கிறதா?" எப்போது, எங்கே என்று அதற்குத் தெரியாது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரிடம் ஒன்றாம் வகை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே வாய் வழியாக வந்தது. எனவே ஒன்றாம் வகை ஐஜிஜி பாசிட்டிவ் வந்தால் பிறப்புறுப்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, பரவலாகப் பயன்படும் சோதனை ஒன்று உண்மையாகத் தொற்றியவர்களில் பத்துக்கு மூன்று பேரைத் தவறவிடுகிறது.

இரண்டாம் வகை ஐஜிஜி இதைவிடப் பயனுள்ளது, இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது காலம். தொற்றிய பின் ஆன்டிபாடி முழுமையாக உருவாக 12 வாரம் வரை ஆகலாம். சந்தேகத்துக்குரிய உறவுக்குப் பத்தாம் நாள் எடுத்த நெகட்டிவை நம்பி நிம்மதியடைவது வீண். இரண்டாவதுதான் நண்பரின் 1.4. பரவலான சோதனையில் 1.1க்கு மேல் போனாலே பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். ஆனால் 3க்குக் கீழே உள்ள எண்களில் பொய்யான பாசிட்டிவ் மிகுதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல், அவற்றை வெஸ்டர்ன் பிளாட் போன்ற இன்னொரு முறையால் உறுதி செய்யச் சொல்கிறது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தால் வரும் பாசிட்டிவ்களில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று பொய் என்று அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் கணக்குப் போட்டது. அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமான சோதனை வேண்டாம் என்ற பரிந்துரையை 2023இலும் மாற்றவில்லை. அறிக்கையில் அந்தத் தடித்த எழுத்து மட்டும் இருக்கிறது, இந்த விவரம் ஒரு வரிகூட இல்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. "புதிய தொற்றைக் காட்டும்" என்று சொல்லி விற்கிறார்கள். அது பழைய தொற்று மீண்டும் கிளம்பும்போதும் பாசிட்டிவ் ஆகும், இரு வகைகளையும் நம்பும்படி பிரிக்காது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எந்த இயந்திரமும் இல்லாத இன்னொரு சோதனை கண். ஹெர்பிஸ் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் நிலைத்து நிற்பதில்லை. தொற்றிய 2 முதல் 12 நாட்களில் எரிச்சல் தொடங்கி, கூட்டமாகச் சிறு நீர்க்கொப்புளங்கள், அவை உடைந்து வலிக்கும் புண், பொருக்கு, பிறகு ஆறுதல் என்று நடைபோட்டுக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும் புள்ளிகளும், ஆணுறுப்பின் தலையைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு முத்துகளும் வேறு சமாச்சாரம். வலியில்லாத ஒற்றைப் புண் என்றால் சிபிலிஸ் என்ற வேறொரு பால்வினை நோயை முதலில் நினைக்க வேண்டும், அதற்குத் தனிச் சோதனை உண்டு. அதே சமயம், லேசான கீறல் போலவும் ஹெர்பிஸ் வரும், பலர் தமக்கு இருப்பதை அறிவதே இல்லை. ஆகவே அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணும் ஸ்வாபும் சேர்ந்ததே என் முதல் தேர்வு. ரத்தச் சோதனை, துணைவருக்கு இரண்டாம் வகை இருப்பது தெரிந்தவருக்கும், புண் திரும்பத் திரும்ப வந்தும் ஸ்வாபில் சிக்காதவருக்கும்.

நண்பர் ஒருவழியாகத் தோல் மருத்துவரிடம் போனார். வேறு முறையில் செய்த மறுசோதனை நெகட்டிவ் என்று வந்தது. கடைசி உறவு நடந்து ஏழு மாதம் ஆகியிருந்ததால் காலக்கணக்கும் சரியாக இருந்தது. "அந்தப் பருக்கள் என்னவென்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அவை மறைந்து பத்து நாள் ஆகியிருந்தன. "படம் ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டாராம். கைப்பேசியில் அறிக்கையின் படம் நான்கு இருந்தது, பருவின் படம் ஒன்றுகூட இல்லை.